பந்தலில் இருந்து இறங்கிய சிவப்பு: தென் டிரோல் பள்ளத்தாக்கின் திராட்சை மாற்றம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென்சரிவில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இத்தாலிக்குள் அமைந்திருக்கும் தென் டிரோல் மாகாணத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு திராட்சை என்றால் அது பெரும்பாலும் சிவப்புத் திராட்சைதான். அதிலும் இத்தாலியர் ஸ்கியாவா என்றும் உள்ளூர் ஜெர்மன் பேச்சில் ஃபெர்னாட்ஷ் என்றும் அழைக்கும் ஒரே குடும்பத்துக் கொடிகள்தாம் மலையடிவாரம் முழுவதும் பந்தல் பந்தலாகப் படர்ந்திருந்தன. இன்று அந்த மாகாணத்தின் திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை ஒயினுக்குரிய வகைகளே. ஸ்கியாவா பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. திராட்சைக் கொடியின் ஆயுள் மனித ஆயுளோடு ஒப்பிடத்தக்கது என்பதையும், புதிதாக நட்ட கன்று முறையான அறுவடை தர மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பதையும் வைத்துப் பார்த்தால், ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இந்த மாற்றம் வியப்புக்குரியது.

இதற்குக் காரணம் கேட்டால் பலரும் மலையையும் குளிரையும் சுட்டிக்காட்டுவார்கள். குளிர்ந்த இரவுகள் வெள்ளைத் திராட்சையின் அமிலத்தையும் மணத்தையும் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மலையும் அந்தக் குளிரும் ஸ்கியாவா கோலோச்சிய காலத்திலும் அங்கேயேதான் இருந்தன. மாறியது தட்பவெப்பம் அன்று, உழவருக்குப் பணம் வழங்கும் முறை என்பதே இவ்வாய்வின் நிலைப்பாடு.

இடமும் காற்றும்

அடிஜே ஆறும் ஐசாக் ஆறும் மாகாணத் தலைநகரான போட்சென் (இத்தாலிய வழக்கில் போல்சானோ) அருகே கூடுகின்றன. உழவர்கள் பெரும்பாலோர் ஜெர்மன் மொழியினர் என்பதால் இக்கட்டுரையிலும் ஊர்ப்பெயர்களை அவர்கள் வழங்கும் வடிவிலேயே தருகிறேன். குளிர்ப் பள்ளத்தாக்கு என்று இப்பகுதியைச் சொல்வது பாதி உண்மை மட்டுமே. போட்சென் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 262 மீட்டர் உயரத்தில், மூன்று புறமும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் கிடப்பதால், ஜூலை மாதத்தில் இத்தாலியின் மிக வெப்பமான நகரங்களின் வரிசையில் அடிக்கடி இடம்பிடித்துவிடுகிறது. வடக்கே ஆல்ப்ஸின் முகடுகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. தெற்கே கார்டா ஏரியின் பக்கமிருந்து ‘ஓரா’ எனப்படும் காற்று பிற்பகலில் பள்ளத்தாக்கு வழியே ஏறிவந்து இலைகளின் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சண நோயைக் குறைக்கிறது. சூரியன் சாய்ந்த பிறகு மலையுச்சியின் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து இறங்குகிறது. ஆகவே பகலில் சர்க்கரை ஏறுகிறது, இரவில் அமிலம் தங்குகிறது.

இதைவிட முக்கியமானது உயர வேறுபாடு. ஏறத்தாழ 200 மீட்டரில் தொடங்கும் தோட்டங்கள் 1,000 மீட்டர் வரை ஏறுகின்றன. நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.6 பாகை குறையும் என்ற பொதுக்கணக்குப்படி, டெர்லான் ஊரின் 250 மீட்டர் தோட்டத்துக்கும் அதே ஊருக்கு மேலே 900 மீட்டரில் உள்ள தோட்டத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 4 பாகை வித்தியாசம் இருக்கும். ஒயின் உலகில் 4 பாகை என்பது ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போவதற்குச் சமம். மண்ணும் அப்படியே. போட்சென், டெர்லான் பகுதிகளில் பெர்மியன் காலத்து எரிமலைகள் விட்டுச்சென்ற செந்நிறப் போர்ஃபிரி பாறை; தெற்கே கால்டெர்ன், டிரமின் பக்கம் சுண்ணாம்பும் டோலமைட்டும்; வடகிழக்கே ஐசாக் பள்ளத்தாக்கில் பளபளக்கும் தகட்டுப் பாறை. மேற்கே ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது என்பதால், பனியாறுகளின் நீரை மலைவிலா வழியே பல நூற்றாண்டுகளாகக் கால்வாய் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கால்வாய்க்கு அங்கே ‘வால்’ என்று பெயர். அதைக் காத்து முறைவைத்து நீர் திறந்துவிடுபவர் ‘வாலர்’. நம் வாய்க்காலோடு அச்சொல்லுக்கு உறவு ஏதுமில்லை என்றாலும், ஏரிப்பாசன ஊர்களின் நீர்பாய்ச்சியை அறிந்தவர்களுக்கு அந்த வேலையை விளக்க வேண்டியதில்லை.

பழைய கணக்கு

ஸ்கியாவா ஏன் அவ்வளவு பரவியது என்பதற்கு விடை எளிது: அது நிறையக் காய்க்கும். பெரிய குலை, நீர்ச்சத்து மிகுந்த பழம், மெல்லிய சிவப்பு நிறம், குறைந்த துவர்ப்பு, குறைந்த ஆல்கஹால். ‘பெர்கல்’ எனப்படும் சாய்வான மரப்பந்தலில் கொடியை ஏற்றிவிட்டால் குலைகள் நிழலில் தொங்கும், காற்றோட்டம் கிடைக்கும், பந்தலுக்கு அடியில் காய்கறியும் புல்லும் விளைவிக்கலாம். மாடு வைத்திருக்கும் சிறு உழவருக்கு இது ஒரே நிலத்தில் இரண்டு வருமானம். அக்காலத்தில் இலையுதிர் பருவத்துக்கு முன் தோட்டங்களை அடைத்துவிட்டு, இறகுகளும் நரிவால்களும் சூடிய தொப்பி அணிந்த ‘சால்ட்னர்’ என்னும் காவற்காரரை நிறுத்துவார்கள் என்பதிலிருந்தே பழுத்த குலை அங்கே எவ்வளவு மதிப்புள்ள பொருளாக இருந்தது என்பது விளங்கும்.

சந்தையும் இந்த மிகுவிளைச்சலுக்கு ஏற்றதாகவே இருந்தது. முதல் உலகப்போர் வரை தென் டிரோல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதி. குளிர் மிகுந்த வட பகுதிகளுக்குச் சிவப்பு ஒயின் கொடுக்கும் தெற்கு மூலையாக அது விளங்கியது. 1919-ஆம் ஆண்டின் சான் ஜெர்மன் உடன்படிக்கை அம்மாகாணத்தை இத்தாலியிடம் ஒப்படைத்தபோது நிலைமை தலைகீழானது. நேற்றுவரை தெற்கு ஓரமாக இருந்த நிலம், வெயிலும் சிவப்பு ஒயினும் பெருகிக் கிடக்கும் ஒரு நாட்டின் வடக்கு ஓரமாயிற்று. பழைய வாங்குவோருக்கும் இவர்களுக்கும் இடையே சுங்க எல்லை விழுந்தது. பாசிச ஆட்சியில் ஊர்ப்பெயர்கள் இத்தாலியமயமாக்கப்பட்டு, பள்ளிகளில் ஜெர்மன் மொழி தடைசெய்யப்பட்டது. அதே ஆட்சிதான் 1941-இல் போட்சென் நகருக்கு மேலுள்ள சாங்க்ட் மாக்டலேனா குன்றின் ஸ்கியாவாவை பரோலோ, பர்பரெஸ்கோ ஆகியவற்றோடு சேர்த்து நாட்டின் தலைசிறந்த மூன்று ஒயின்களுள் ஒன்றாக அறிவித்தது. அந்தத் தேர்வில் சுவைக்கு எவ்வளவு பங்கு, அரசியலுக்கு எவ்வளவு பங்கு என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

போருக்குப் பின் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் கடைகளுக்குப் பெரும் பீப்பாய்களிலும் பெரிய பாட்டில்களிலும் ‘கால்டெரர்சே’, அதாவது கால்டெர்ன் ஏரியின் ஒயின், போய்க்கொண்டே இருந்தது. சட்டம் அந்தப் பெயரை ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தெற்கே டிரென்டினோ மாகாணத்துக்குள்ளும் எல்லை நீண்டது. ஏரியின் தண்ணீரைக் கண்ணால்கூடப் பாராத தோட்டத்தின் பழத்துக்கும் ஏரியின் பெயர் கிடைத்தபின் அந்தப் பெயரின் மதிப்பு எத்தனை நாள் தாங்கும்?

முறிவு

1980-களில் இந்தக் கணக்கு உடைந்தது. மலிவான வெளிர்சிவப்பு ஒயினை அன்றாடம் குடித்து வந்த வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். குடிப்பவர்கள் குறைவாகக் குடித்து, நல்லதைக் குடிக்க விரும்பினார்கள். 1986-இல் வடமேற்கு இத்தாலியில் ஒயினில் மெத்தனால் கலந்து விற்ற குற்றத்தால் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அக்குற்றத்தோடு தொடர்பே இல்லாத பகுதிகளின் ஒயினும் ஏற்றுமதிச் சந்தையில் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. மலிவுச் சரக்காகவே அறியப்பட்டிருந்த பகுதிகளுக்கு அந்தச் சந்தேகம் கூடுதல் சுமை.

இந்த இடத்தில் மாகாணத்தின் நில அமைப்பைக் கவனிக்க வேண்டும். மொத்தத் திராட்சைப் பரப்பு 6,000 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. உழவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். ஆளுக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர். இத்தாலியின் மொத்த ஒயினில் இவர்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பள்ளத்தாக்கின் அடித்தளம், ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்து 19-ஆம் நூற்றாண்டின் ஆற்றுச் சீரமைப்புக்குப் பின் விளைநிலமானது, முழுவதும் ஆப்பிள் தோட்டங்களால் நிறைந்திருக்கிறது. கொடிகளுக்கு எஞ்சியது சரிவு மட்டுமே. சரிவில் இயந்திரம் ஏறாது, கூலி அதிகம். இத்தகைய நிலத்தில் எடைக்கு விலை பெறும் மலிவு ஒயினைச் சமவெளிக்காரரோடு போட்டியிட்டு விற்பது தோற்றே தீர வேண்டிய போட்டி.

தனியார் தரப்பில் சிலர் முன்கூட்டியே வழி மாறியிருந்தனர். ஆலோய்ஸ் லாகெடர் 1984-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து ‘லோவன்காங்’ ஷார்டொனே ஒயினைச் சிறு ஓக் பீப்பாய்களில் முதிரவைத்து வெளியிட்டது அவற்றுள் பெயர்பெற்றது. ஆயினும் மாகாண ஒயினில் சுமார் 70 விழுக்காட்டை உண்டாக்குபவை கூட்டுறவுச் சங்கங்களே. எனவே உண்மையான கேள்வி, நூற்றுக்கணக்கான சிறு உழவர்களைக் கொண்ட ஒரு சங்கம் தன் உறுப்பினர்களின் மனத்தையும் கொடியையும் எப்படி மாற்றிற்று என்பதே. கூட்டுறவு என்றால் சராசரித் தரம் என்பது உலகெங்கும் ஒயின் வணிகத்தில் ஊறிப்போன எண்ணம். அதைப் பொய்யாக்கிய இடங்களுள் தென் டிரோல் முதன்மையானது.

சங்கங்கள் செய்தது என்ன

இங்கே சங்கங்களின் வரலாறு பழையது. முதற்சங்கம் 1893-இல் ஆண்ட்ரியான் ஊரில் தோன்றியது. அதே ஆண்டில் ஆற்றுக்கு எதிர்க்கரையிலுள்ள டெர்லானிலும் ஒன்று அமைந்தது. 2008-இல் முன்னது பின்னதோடு இணைந்தது. சங்க விதிகளுள் முதன்மையானது முழு ஒப்படைப்பு: உறுப்பினர் தம் திராட்சை முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும், நல்லதைத் தனியாருக்கு விற்றுவிட்டு மிச்சத்தைச் சங்கத்தில் தள்ள முடியாது. இவ்விதி சங்கத்தின் கையையும் கட்டியது, ஏனெனில் உறுப்பினர் கொண்டுவரும் பழத்தை அது ஏற்றாக வேண்டும். ஆகவே பழத்தின் தரத்தை மாற்ற வேண்டுமானால் கொள்முதல் வாசலில் நின்று பயனில்லை. தோட்டத்துக்கே போக வேண்டியிருந்தது.

சாங்க்ட் மிகாயெல் எப்பான் சங்கத்தில் 1977-இல் ஒயின் தயாரிப்புப் பொறுப்பேற்ற ஹான்ஸ் டெர்ட்சர் செய்தது அதுதான். உயரமும் மண்ணும் பார்த்து, ஸ்கியாவா நின்ற சரிவுகளில் சோவிஞ்ஞோன், வெள்ளைப் பினோ, சாம்பல் பினோ முதலியவற்றை நடும்படி உறுப்பினர்களை அவர் தூண்டினார். கோடையில் பச்சைக் குலைகளில் ஒரு பகுதியை வெட்டிக் கீழே போடச் சொன்னார். கடன்பட்டு வளர்த்த பயிரைக் காயாக வெட்டி எறிவது எந்த ஊர் உழவருக்கும் பாவமாகவே தோன்றும். எடைக்குப் பணம் தரும் முறையில் அது மடமையும்கூட. அதனால்தான் பணம் தரும் முறை மாற வேண்டியிருந்தது. வெறும் எடையும், பாபோ அளவுகோலில் காட்டும் சர்க்கரையும் பார்த்து விலை தந்த நிலை போய், எந்தத் தோட்டம், எவ்வளவு குறைந்த விளைச்சல், பழம் எவ்வளவு நலத்தோடு வந்தது என்பவற்றைச் சேர்த்து விலை தரும் நிலை வந்தது. குறைவாக விளைவித்தவர் கூடுதலாகப் பெற்றார். 1986-இல் அச்சங்கம் தன் மிகச் சிறந்த தோட்டங்களின் பழத்தைப் பிரித்து ‘சாங்க்ட் வாலெண்டின்’ என்ற தனி வரிசையைத் தொடங்கியபோது, எந்தத் தோட்டத்துப் பழம் அந்த வரிசைக்குப் போகிறது என்பது ஊருக்குள் மானப்பிரச்சினையாகவும் ஆயிற்று என்று எண்ணுவதில் தவறிருக்காது. சங்க நிர்வாகத்தைக் கொஞ்சமேனும் பார்த்தவர்கள், பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு காசு கூடுதலாகக் கிடைப்பதைவிட வலிமையான பாடம் வேறில்லை என்பதை அறிவார்கள்.

டெர்லானின் கதை வேறு வகை. அங்கே வெள்ளை ஒயின் பழைய வழக்கு. போர்ஃபிரி மண்ணில் விளைந்த வெள்ளைப் பினோ நெடுநாள் தாங்கும் என்பதை 1955 முதல் 1993 வரை ஒயின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த செபாஸ்டியான் ஷ்டோக்கர் உணர்ந்திருந்தார். அன்றைய வணிகமோ வெள்ளை ஒயினை அடுத்த அறுவடைக்குள் விற்றுத் தீர்ப்பதையே விரும்பியது. நிர்வாகத்துக்குத் தெரியாமல் அவர் ஆண்டுதோறும் கொஞ்சம் பாட்டில்களை நிலவறையின் மூலைகளில் ஒளித்துவைத்தார். அது மட்டுமல்லாமல், நொதித்த பின் ஈஸ்ட்டின் மெல்லிய அடிவண்டலோடு எஃகுத் தொட்டியில் ஒயினைப் பல ஆண்டுகள், சிலவேளை பத்தாண்டுக்கும் மேல், வைத்திருக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். வண்டல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் கெடாமல், மரத்தின் வாசனையும் ஏறாமல், மெல்ல முதிர்கிறது. ஒளித்துவைத்த பாட்டில்கள் பின்னாளில் வெளிவந்து, முப்பது வயது வெள்ளைப் பினோ இன்னும் உயிரோடு இருப்பதைக் காட்டியபோது, அச்சங்கத்துக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் தேவைப்படவில்லை. கட்டளையை மீறிய ஊழியர் ஒருவரால் ஒரு சங்கத்தின் பெயர் நிலைத்தது. கூட்டுறவுப் பாடநூல்கள் இதைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும்.

மாகாணத்தின் துணையையும் விட்டுவிடலாகாது. 1972-ஆம் ஆண்டின் இரண்டாம் தன்னாட்சிச் சட்டம் வேளாண்மையை மாகாணத்தின் கையில் கொடுத்தது; லைம்பூர்க் வேளாண் ஆய்வு மையம் 1975-இல் தொடங்கப்பட்டது; ஒயின் எங்கே விளைந்தது என்பதை உறுதிசெய்யும், மாகாணத்தின் பெயரிலான தோற்றச் சான்றும் அதே ஆண்டில் வந்தது.

விரட்டப்பட்டதன் பேரப்பிள்ளைகள்

இந்த மாற்றத்தில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஸ்கியாவா என்பது ஒரே கொடியின் பெயரன்று. ஸ்கியாவா ஜென்டிலே, ஸ்கியாவா கிரிஜா, ஸ்கியாவா குரோசா என வெவ்வேறு வகைகள் அப்பெயரில் உலவுகின்றன. இவற்றுள் பெருங்குலை தரும் குரோசா, ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் டிரோலிங்கர் என்ற பெயரில் வாழ்கிறது. 1929-இல் அங்கே ஔகுஸ்ட் ஹெரோல்ட் டிரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் கலந்து உருவாக்கிய வெள்ளைத் திராட்சைதான் கெர்னர். குளிர் மிகுந்த ஐசாக் பள்ளத்தாக்கில் இன்று பெயர் சொல்லும் வகைகளுள் அது ஒன்று. பிரிக்ஸன் அருகே 1142-இல் நிறுவப்பட்ட நோய்ஷ்டிஃப்ட் மடத்தின் கெர்னர் இத்தாலி முழுவதும் அறியப்பட்டது. அங்கேயே விளையும் முல்லர்-துர்காவ், 1882-இல் ஹெர்மன் முல்லர் ஜெர்மனியின் கைசன்ஹைம் நிலையத்தில் ரீஸ்லிங்கையும் மாடலேன் ரோயால் என்னும் வகையையும் சேர்த்து உருவாக்கியது. அந்த மாடலேன் ரோயாலின் பெற்றோருள் ஒன்று ஸ்கியாவா குரோசா என்பதை மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. கீழ்ச்சரிவில் இருந்து சிவப்பை விரட்டியவர்கள் மேற்சரிவில் அதன் பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் குடியமர்த்தியிருக்கிறார்கள்.

இந்த வம்சாவளியில் நமக்கும் ஓர் உறவு உண்டு. ஸ்கியாவா குரோசா இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க் என்று வழங்கியது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற கொடி அதுவே. அதை அலெக்சாந்திரியா மஸ்கட்டோடு கலந்ததில் பிறந்தது மஸ்கட் ஹாம்பர்க், அதாவது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலேறிப் பன்னீர் திராட்சையாகப் பழுக்கும் கொடி. கம்பத்தில் குளிர்காலம் வந்து கொடியை உறங்கவைப்பதில்லை. கவாத்து செய்யும் நாளை வைத்து உழவரே பருவத்தைத் தீர்மானித்து ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறார். டிரோலில் கொடி ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வாய்ப்புப் பெறுகிறது. ஏப்ரல் இறுதியில் உறைபனி இறங்கித் துளிரைக் கருக்கிவிட்டால் அந்த ஒரு வாய்ப்பும் போய்விடும்.

ஐசாக் பள்ளத்தாக்கின் சங்கம் 1961-இல்தான், கிளாவ்ஸன் ஊரில் தோன்றியது. சில்வானர், வெல்ட்லினர், கெர்னர் என வெள்ளையே அங்கு ஆளுகிறது. அறுவடை முடிந்த இலையுதிர் நாள்களில் பண்ணை வீடுகளுக்கு நடந்துபோய்ப் புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட்டும் உண்ணும் ‘டோர்கெலன்’ வழக்கமும் இப்பள்ளத்தாக்கில் வேரூன்றியது. ஒயின் பிழியும் பொறிக்கான ‘டோர்கல்’ என்ற சொல்லில் இருந்து பிறந்த பெயர் அது.

ஏறிக்கொண்டே போகும் எல்லை

சிவப்பு முழுவதும் தோற்றுவிட்டது என்று இதைப் படித்துவிடக் கூடாது. போட்சென் நகரின் கிரீஸ் பகுதியில், ஆறு கொணர்ந்து பரப்பிய வெதுவெதுப்பான சரளை மண்ணில் லாக்ரைன் என்னும் உள்ளூர் வகை கருஞ்சிவப்பாக விளைகிறது. சுவிட்சர்லாந்தின் மூரியிலிருந்து 1845-இல் வந்து குடியேறிய பெனடிக்டின் துறவியரின் மூரி-கிரீஸ் மடம் அதற்குப் பெயர்பெற்றது. மேற்கு நோக்கிய மாட்சோன் மேடையில் கறுப்புப் பினோ சிறக்கிறது. நகரம் பெருகப் பெருக கிரீஸின் தோட்டங்கள் கட்டடங்களுக்கு நடுவே சிறைப்பட்டுக் கிடக்கின்றன என்பது வேறு வருத்தம்.

வெப்பம் கூடிவருவதால் இப்போது கணக்கு மறுபடியும் அசைகிறது. தாழ்ந்த சரிவுகளில் வெள்ளை வகைகளின் அமிலம் முன்போல் நிற்பதில்லை. தோட்டங்கள் மேலே ஏறுகின்றன. ஃபென்பெர்க் மேட்டில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் ஹெர்பர்ட் டீஃபன்ப்ருன்னர் 1972-இல் முல்லர்-துர்காவ் நட்டது அன்று விசித்திரமாகப் பார்க்கப்பட்டது. இன்று அந்த உயரத்தில் நிலம் தேடுபவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அதே வேளையில், பந்தல் நிழலில் குலையை வெயிலுக்குக் காட்டாமல் வளர்த்து, ஆல்கஹால் ஏறாத மெல்லிய சிவப்பாகப் பிழியும் ஸ்கியாவாவை இளைய தயாரிப்பாளர்கள் சிலர் மீண்டும் கையில் எடுத்திருக்கிறார்கள். சாங்க்ட் மாக்டலேனாவின் செங்குத்தான குன்றில், கொஞ்சம் லாக்ரைன் கலந்த ஸ்கியாவா பழைய பந்தல்களிலேயே நிற்கிறது. அங்கே பழைய கொடிகளைப் பிடுங்காமல் விட்டவர்கள் அன்று பிற்போக்காளர் எனப்பட்டார்கள்; குறைந்த விளைச்சலோடு நல்ல பழம் தரும் முதிர்ந்த ஸ்கியாவாக் கொடி இன்று அவர்களிடம்தான் இருக்கிறது.

2024-இல் மாகாணத் தோற்றச் சான்றுக்குள் 86 தனித்தனித் தோட்டப்பகுதிகள் எல்லை வரையப்பட்டு, பாட்டிலின் மேல் பெயரிட அனுமதி பெற்றன. ஒவ்வொரு பகுதியிலும் எந்தெந்த வகைகளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கால்டெர்ன் ஏரியின் பெயரை மாகாண எல்லை தாண்டியும் நீட்டிய காலத்துக்கு நேர் எதிரான செயல் இது. சிறு எல்லை போட்டபின் எல்லைக்கு வெளியே நின்ற ஒரு ஹெக்டேர்க்காரருக்குச் சங்கம் என்ன விலை தரும் என்பதுதான் இப்போது ஒவ்வொரு சங்கத்தின் முன்னும் நிற்கும் கணக்கு.